என் மகள் கெடுத்த வண்டி

தறிச் சத்தம் நின்றால் எனக்கு நெஞ்சு படபடக்கும். சங்கரன்கோவிலில் தறிக்கொட்டகையை ஒட்டிய வீட்டுக்கு மருமகளாக வந்தவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். வந்த புதிதில் அந்தச் சத்தத்தால் தூக்கமில்லாமல் கிடந்தவள்தான் நானும். ஆனால் போன ஆயுத பூஜையன்று தறிகளெல்லாம் சந்தனமும் மாலையுமாக ஓய்ந்து நின்றன. அதனால்தான் என் மகளின் கை முறிந்த சத்தம் அடுப்படிவரைக்கும் தெளிவாகக் கேட்டது.

கொட்டகையின் கடைசியில், நூல் மூட்டைகளுக்கு அப்பால், ஒரு பழைய கார் நிற்கிறது. நூறு வயதை நெருங்கிவிட்டது. நூல் வியாபாரம் நன்றாக நடந்த காலத்தில் என் கணவரின் தாத்தா ஒரு ஜமீன் வீட்டிலிருந்து வாங்கியது. பித்தளை விளக்குகள், துணிக் கூரை, மரச்சட்டத்தின் மேல் அடித்த தகடு. சாவி போட்டால் கிளம்பாது. முன்னால் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுண்டி இழுக்க வேண்டும். ஆயுத பூஜையன்று மட்டும் என் கணவர் அதைக் கிளப்புவார். சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வாசல்வரை வந்து திரும்புவார். அவர் தவறிப்போன பிறகு என் மகள் கிளப்பினாள். கல்லூரி முடித்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். சின்ன வயதிலிருந்து அப்பாவின் பக்கத்தில் நின்று பார்த்தது. இரண்டு பூஜைக்கு ஒழுங்காகக் கிளம்பிய வண்டி, போன வருடம் கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுழற்றி உதைத்தது. அவளுடைய வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தன. திருநெல்வேலியில் உள்ளே தகடு வைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவள் எனக்கு விளக்கினாள். ஸ்டியரிங்கில் ஒரு சின்ன லீவர் உண்டு. கிளப்புவதற்கு முன் அதை மேலே தள்ளி வைக்க வேண்டும். கீழே இருந்தால் எஞ்சின் முந்திக்கொண்டு வெடித்துக் கைப்பிடியைத் திருப்பி அடிக்கும். அவள் மேலேதான் தள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு என் கொழுந்தனார் ஸ்டியரிங்கில் பெரிய சம்பங்கி மாலை கட்டினார். மாலையின் கனம் லீவரைக் கீழே இழுத்திருக்கும் என்றாள். நான் நம்பினேன். கொழுந்தனார் நம்பவில்லை.

“பொம்பளப் பிள்ளை செய்யுத வேலையா மைனி இது? அண்ணன் கை பட்டா ஓடும். இவ தொட்டா, கெட்டுப் போச்சு.”

அதன் பிறகு ஒருவரும் வண்டியைக் கிளப்பிப் பார்க்கவில்லை. கெட்டுவிட்டது என்பது மட்டும் முடிவாகிவிட்டது. கல்யாண வீடுகளில் அவளைக் காட்டி, கையை ஒடித்துக்கொண்டு வண்டியையும் கெடுத்த பிள்ளை என்று பேசினார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து ஒருவர் இரும்பு விலைக்குக் கேட்டபோது கொழுந்தனார் தலையாட்டத் தயாராக இருந்தார். வண்டியில் பாதி எங்கள் பங்கு. நான் முடியாது என்றேன். அந்த வண்டியின் மேல் எனக்கு ஆசையில்லை. எப்போது கண்ணுக்கு மறைவாகப் போகும் என்றுதான் இருந்தது. ஆனால் கெட்டுப்போன வண்டியாக அது இந்த வாசலைத் தாண்டக் கூடாது. அப்படிப் போனால் அந்தப் பேச்சு என் மகளோடு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

பழைய கார்களை ஏலம் விடும் ஒரு நிறுவனத்துக்குப் படங்கள் அனுப்பினேன். மதிப்பிடுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். அந்த வாரம் முழுவதும் என் மகள் நல்ல கையால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தாள், பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினாள். நான் பாடம் நடத்தும் பள்ளி விட்டு வந்ததும் அவள் பக்கத்திலேயே நின்றேன். ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எம்மா, நீ உள்ள போய் இரேன்,” என்பாள். போகமாட்டேன்.

அவர் வருவதற்கு முதல் நாள் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது முன்பக்க மட்கார்டு ஒன்று பளபளவென்று பச்சையாக நின்றது. பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆள் அடுத்த மட்கார்டைத் தேய்க்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

“யாரைக் கேட்டு அடிச்சீங்க தம்பி?”

“பொண்ணு பாக்க வாராங்க மைனி. மூஞ்சியக் கழுவி, கொஞ்சம் பவுடர் போட வேண்டாமா?” என்றார் கொழுந்தனார். “அந்தப் பானெட்டுல ஒரு திட்டு இருக்கு, பாத்தீயளா? அதையும் தேய்ச்சு எடுக்கச் சொல்லியிருக்கேன்.”

அது திட்டு இல்லை. ஒவ்வொரு பூஜைக்கும் ஒரே இடத்தில் வைத்த குங்குமம். குங்குமத்தில் சுண்ணாம்பு சேரும். அது வருடக்கணக்காகப் பெயிண்டை அரித்து ஒரு செந்நிறத் தழும்பாக நின்றுவிட்டது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிற எனக்கு அது தெரியும். என் கணவரின் விரலும் அதில் இருக்கிறது என்பதும் தெரியும். பள்ளிக்குக் கட்டிய சேலையோடு போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். பெயிண்டர் கொழுந்தனாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாக்களை மூடினார்.

“நல்லதுக்குச் செஞ்சா இப்படித்தான்,” என்று கொழுந்தனார் போய்விட்டார்.

மறுநாள் வந்தவர் வண்டியை உடனே தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றி வந்தார். சீட்டுக்குக் குனிந்து தோலை முகர்ந்தார். துணி சுற்றிய காந்தம் ஒன்றைத் தகட்டில் வைத்து வைத்து எடுத்தார். பெயிண்டுக்கு அடியில் மக்குப் பசை பூசி ஓட்டையை அடைத்த இடத்தில் காந்தம் ஒட்டாதாம். எங்கும் ஒட்டியது. எஞ்சினில் வெட்டிய எண்ணும் அடிச்சட்டத்தில் இருந்த எண்ணும் வண்டிக் காகிதத்தோடு பொருந்தின. கதவின் மேல் படிந்திருந்த பஞ்சுத் தூசியை ஊதினார். அடியில் கரும்பச்சை தெரிந்தது.

“இந்தத் தூசிதானுங்க இதைக் காப்பாத்தியிருக்குது. துடைச்சுத் துடைச்சுக் கெடுக்காம விட்டீங்க.”

பானெட்டின் குங்குமத் தழும்பில் டார்ச் அடித்து, குனிந்து உற்றுப் பார்த்தார். இதை மட்டும் தனியாகப் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வேறெந்த வண்டிக்கும் இது கிடையாது, வாங்குகிறவன் முதலில் இதைத்தான் பார்ப்பான் என்றார். அப்புறம் முன்னால் வந்தார்.

“இது யாருங்க பண்ணினது?”

பச்சை மட்கார்டு ஜன்னல் வெயிலில் மின்னியது. கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். “புதுசா இருக்கட்டுமேன்னு...”

“புதுசு வேணும்னா ஷோரூமுக்குப் போயிருவாங்களே. நூறு வருசம் தப்பிச்ச பெயிண்டுங்க. இனி வராது. இதுக்குக் குறைச்சுத்தான் போடணும்.”

என் மகள் என்னைப் பார்க்காமல் மேற்கூரையைப் பார்த்தாள். சிரித்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எனக்கும் அதே நிலைமைதான்.

“எஞ்சின் ஓடுங்களா?”

“ஓடாது. கெட்டுப் போச்சு,” என்றார் கொழுந்தனார் அவசரமாக.

“ஓடாதுன்னு யாரும் பாக்கலை,” என்றேன். “போன பூஜைக்கு என் மகள் கை இதுலதான் ஒடிஞ்சது. அதையும் எழுதிக்கோங்க. அதுக்கப்புறம் எல்லாருக்கும் பயம். அவ்வளவுதான்.”

அவர் என் மகளிடம் கேட்டார். அவள் லீவரைப் பற்றியும் மாலையைப் பற்றியும் சொன்னாள். அவர் லீவரைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். “லூசாத்தான் இருக்குதுங்க. மாலை இழுத்திருக்கலாம். நான் அன்னைக்கு இங்க இல்லைங்களே,” என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் நேர்மையான ஆள். ஓடினால் ஒரு மதிப்பு, ஓடாவிட்டால் வேறு மதிப்பு. தான் கிளப்பக் கூடாது, வண்டியின் உரிமையாளர்தான் கிளப்பிக் காட்ட வேண்டும், அது தங்கள் வழக்கம் என்றார். சத்தம் சரியாகக் கேட்கத் தறிகளை நிறுத்தச் சொன்னார்.

கொழுந்தனார் முணுமுணுத்துக்கொண்டே போய் நிறுத்தினார். கொட்டகை அமைதியானது.

“தம்பி, நீங்க கிளப்புங்க,” என்றேன்.

“எனக்கு முதுகு பிடிச்சிருக்கு மைனி.”

என் மகள் கைப்பிடியை எடுக்கக் குனிந்தாள்.

“ஏட்டி, நில்லு!” நான் போட்ட சத்தத்தில் கோயம்புத்தூர்க்காரரே பின்வாங்கினார். “நீ போய் மேல உக்காரு. லீவரைப் பிடி. நான் இழுக்கேன்.”

“மைனி, விளையாடுதீயளா? போர்டுல எழுதக் கை வேணும்லா?”

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். கைப்பிடி நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இதே இரும்பு. உள்ளே செருகியபோது பற்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டன.

“எம்மா, இடது கையால பிடி. அப்பா வலது கையால இழுப்பாங்க, அதைப் பாத்துத்தான் நானும் இழுத்தேன். இடதுன்னா திருப்பி உதைச்சாலும் கைய விட்டு விலகிப் போகும். கட்டைவிரலை மடக்காத. கீழ இருந்து மேல இழு. அமுக்கவே கூடாது.”

“லீவர் மேல இருக்கா?”

“இருக்கும்மா. பிடிச்சிருக்கேன்.”

“இன்னொரு தடவை பாரு.”

“எம்மா, என் கண்ணு முன்னாலதான் இருக்கு!”

இழுத்தேன். ஒன்றுமில்லை. கொழுந்தனார் உச்சுக்கொட்டியது கேட்டது. மறுபடி இழுத்தேன், வண்டி ஒரு தடவை இருமி அடங்கியது. அந்த இருமலில் நான் கையை உதறிக்கொண்டு ஓரடி தள்ளிப் போய்விட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடிவிடலாம் என்று தோன்றியது உண்மைதான். பச்சை மட்கார்டு கண்ணில் பட்டது. திரும்பி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் சேர்த்து மேலே இழுத்தேன்.

கிளம்பியது.

முதலில் விக்கி விக்கி, அப்புறம் சீராக. பானெட்டிலிருந்து பஞ்சு கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. என் மகள் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள். சத்தம் தாழ்ந்து இதமானது. ஆபரேஷன் தழும்போடிருந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் என்று பிறகு சொன்னாள். கோயம்புத்தூர்க்காரர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஏதோ எழுதினார். கொழுந்தனார் அவர் காதருகே போய், எவ்வளவுக்குப் போகும் என்று கத்தினார். அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. கொழுந்தனாரின் கண்கள் விரிந்ததைப் பார்த்தேன். அது போதும்.

“சரி, சரி, அணைக்கச் சொல்லுங்க மைனி. பெட்ரோல் வீணாப் போகுது,” என்றார்.

“அவதான ஓட்டுதா தம்பி. அவ அணைப்பா.”

அவர் ஸ்டியரிங் பக்கம் கையை நீட்டினார்.

“சித்தப்பா,” என்றாள் என் மகள். “அங்கன கை வைக்காதீங்க.”

ஏலம் இன்னும் நடக்கவில்லை. விற்பதா வேண்டாமா என்று என் மகள்தான் சொல்ல வேண்டும். எங்கள் பாதிக்கு அவள் சொன்னதுதான் முடிவு என்று கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டேன். தறி நின்றால் எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிறது. அன்று மட்டும், தறிகள் நின்றிருந்த அந்தக் கொட்டகையில், வண்டி நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.