உருளையில் சிக்கிய ஒரு நிமிடம்

முதலில் மன்னிப்பு. இந்த வாரம் நான் சங்கீதத்தைப் பற்றி எழுதப்போகிறேன்.

எனக்கு என்ன தகுதி? ஊரில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். அதையும் இரண்டாம் தரம் எழுதித்தான் பாஸ் பண்ணினேன். கச்சேரிக்குப் போனால், பக்கத்தில் இருப்பவர் எப்போது தலையாட்டுகிறார் என்று பார்த்துத்தான் நானும் ஆட்டுவேன்.

போதாக்குறைக்கு இது நம் சங்கீதமும் இல்லை. ஆப்பிரிக்கச் சங்கீதம். ஆப்ரோபீட் என்று பெயர். அதைத் தொடங்கிவைத்த நைஜீரியக்காரரின் பெயரை நான் தமிழில் எப்படி எழுதினாலும் பிழை போலவே தெரிகிறது. ஆகவே எங்கள் வேலையிடத்தில் ரஞ்சினி அக்கா அவருக்கு வைத்த பெயரிலேயே எழுதுகிறேன் — சக்சபோன் அண்ணை.

விஷயம் தெரிந்தவர்கள் சிரியுங்கள். பரவாயில்லை. ஆனால் போன வாரம் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை...

இந்தப் பக்கத்தை வழமையாக வாசிப்பவர்களுக்கு நான் ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை செய்வது தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகள்தான் எங்களுக்கு வருபவை. துவைத்த ஈர விரிப்புகளை மாங்கல் என்கிற இயந்திரத்துக்குள் விடுவோம். சூடான பெரிய உருளைகள். இந்தப் பக்கம் ஈரமாகப் போகிற விரிப்பு அந்தப் பக்கம் அயர்ன் பண்ணினாற்போல வரும். விரிப்பின் ஒரு மூலையை நான் பிடிப்பேன், மற்ற மூலையை ரஞ்சினி அக்கா பிடிப்பார். விரித்து, இழுத்து, விடுவது. பதினொரு வருடமாக இதுதான்.

ஈர விரிப்புகளை வண்டிலில் தள்ளிக்கொண்டு வருபவர் சண்டே. நைஜீரியாவின் லாகோசைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை பிறந்தாராம், அதனால் அந்தப் பெயர். நாற்பது வயதிருக்கும். நாங்கள் ஜெர்மனில்தான் பேசிக்கொள்வோம். ஆனால் யார் பேசிய ஜெர்மனும் என் கைக்கு வந்தால் யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வண்டிலில் ஒரு சின்ன ஸ்பீக்கர் தொங்கும். அதில்தான் சக்சபோன் அண்ணை.

முதலில் ஒரு கிட்டார் வரும். நாலே நாலு சுரம், திரும்பத் திரும்ப. பிறகு மேளம். நம் மேளம் நிலத்தில் நடக்கும். இது நிலத்துக்கு ஒரு விரற்கடை மேலே நடக்கும். பிறகு ஊதுகுழல்கள், கூட்டமாக. பத்து நிமிடம் போய்விடும். பாட வேண்டியவரை இன்னும் காணோம்!

"உவர் பாடுவாரோ, இல்லாட்டி எங்களை மாதிரி பஸ்ஸை விட்டிட்டாரோ?" என்று முதல் நாள் ரஞ்சினி அக்கா கேட்டார்.

சண்டே சிரித்தார். "அவர் சண்டைக்கு வாறார், சிஸ்டர். சண்டைக்கு வாறவர் சனத்தைச் சேர்த்துக்கொண்டுதானே வருவார்?"

உண்மைதான். தேர் இழுக்கும்போது வடத்தில் ஒவ்வொரு கையாக வந்து சேருமே, அப்படி. எல்லாரும் சேர்ந்த பிறகு அவர் மெல்ல வந்து, சந்தைக்காரிக்கும் பஸ் ஓட்டுநருக்கும் விளங்குகிற உடைந்த ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார். பெண்கள் கூட்டமாகப் பதில் சொல்வார்கள். நாட்டை ஆண்ட படைக்காரரைத்தான் திட்டுகிறாராம். பிடித்துக்கொண்டுபோய் அடிப்பார்களாம். வெளியே வந்ததும் அடுத்த இசைத்தட்டு. மறுபடி பிடிப்பார்களாம். மறுபடி இசைத்தட்டு.

மாங்கலில் நிற்கும்போது இது எப்படி இருக்கும் தெரியுமா? ஆவி முகத்தில் படும். வெள்ளை வெள்ளையாக விரிப்புகள் போய்க்கொண்டே இருக்கும். கை தானாக வேலை செய்யும். நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோகும். எத்தனையோ மத்தியானங்களில் நான் போகாத அந்த ஊரின் தெருவில் நடந்திருக்கிறேன். வெயில் கூடத் தெரிந்தது!

"அவர் சாமியார் இல்லை, சிஸ்டர்," என்று சண்டே ஒருநாள் தானாகவே சொன்னார். "ஒரே நாளிலை கனக்கப் பொம்பிளையளைக் கலியாணம் கட்டினவர்."

"அப்ப ஆளுக்கு அரசாங்கத்தை விட வீட்டிலைதான் கூட வில்லங்கம் இருந்திருக்கும்," என்றார் ரஞ்சினி அக்கா.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அன்றைக்குச் சண்டே வண்டிலை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றார். புதிதாக ஒரு பாட்டு ஓடியது. மெதுவானது. "இது என்ன, அழுகிற மாதிரி இருக்கு?" என்று நான் கேட்டேன். கேட்டது என் பிழைதான்.

"இது தாய்க்காகப் பாடினது," என்றார். "படையாக்கள் அவரின்ரை வீட்டுக்கு நெருப்பு வைச்சவங்கள். வயசுபோன தாயை மேல்மாடியிலை இருந்து எறிஞ்சவங்கள். கொஞ்சக் காலத்தாலை அந்தத் தாய் செத்துப்போச்சு. அவர் என்ன செய்தவர் எண்டு நினைக்கிறியள்? தாய்க்கெண்டு ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், நாட்டை ஆண்ட ஜெனரலின்ரை வாசல்லை வைச்சவர்."

எனக்குக் காது அடைத்துவிட்டது.

எங்கள் ஊர்ப் பக்கத்திலும் அப்படிப் படைக்காரரின் வாசல்கள் இருந்தன. பெட்டிகளும் இருந்தன. ஒன்றைக் கொண்டுபோய் மற்றதுக்கு முன்னால் வைக்க எங்களுக்குக் கால் வரவில்லை. அழுகைச் சத்தம் ரோட்டுக்குக் கேட்காதபடி அழப் பழகினோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் எங்கள் ஆட்களின் எந்த நிகழ்ச்சியும் அகவணக்கம் இல்லாமல் தொடங்காது. தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா, பூப்பந்துப் போட்டி, சமையல் போட்டி — எதுவானாலும் சரி. ஒலிவாங்கியில் ஒருவர் சொல்வார். கதிரைகள் கிறீச்சிடும். எல்லாரும் எழுந்து, கையைக் கோத்து, தலையைக் குனிந்து, இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் பேசாமல் நிற்போம். முப்பது வருடப் பழக்கம். மூளைக்கு விளங்கும் முன்னமே கை கோத்துக்கொள்ளும்.

அன்றைக்கும் கோத்துக்கொண்டது. நான் செய்தது எனக்கே தெரியாது. விரிப்பை விட்டேன். தலையைக் குனிந்தேன்.

சரி, நான்தான் இப்படி என்றால்... எதிர்ப் பக்கம் கண்ணை உயர்த்திப் பார்க்கிறேன். ரஞ்சினி அக்காவும் நிற்கிறார்! கை கோத்தபடி. கண்ணை மூடியபடி.

ஆவிக்குள் இரண்டு பேரும் நின்றோம். சக்சபோன் எங்கேயோ தூரத்தில் ஊதுவது போல இருந்தது. உண்மையைச் சொன்னால், இத்தனை வருடத்தில் நான் நின்ற அகவணக்கங்களில் அதுதான் திறமானது. யாரோ ஒரு தாய். முகம் தெரியாது. ஆனால் அவர் எனக்கு முன்னால் ஒரு வெள்ளை விரிப்பில் படுத்திருப்பது போல இருந்தது.

விரிப்பு அகவணக்கம் செய்யாது. பாதி போனது மீதியையும் முறுக்கி இழுத்துக்கொண்டு உருளையைச் சுற்றிவிட்டது. கருகிய மணம் வந்தது. சண்டே பாய்ந்துபோய்ச் சிவப்புக் கயிற்றை இழுத்தார். இயந்திரம் நின்றது.

சூடு ஆறி, அந்தத் துணியை வெட்டி எடுக்க மூன்று மணி நேரம். ஆஸ்பத்திரிக்கு லொறி பிந்திப் போனது. ஷிஃப்ட் பொறுப்பாளர் ஹெர் பாமனுக்கு மேலிடத்தில் இருந்து போனுக்கு மேல் போன். பாவம், அவரும் சம்பளத்துக்கு நிற்கிற மனிதர்தானே?

"ஏன் நடந்தது?" என்று கேட்டார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். ரஞ்சினி அக்கா கூரையைப் பார்த்தார்.

"ஸ்பீக்கர் என்ரை," என்றார் சண்டே. அவ்வளவுதான் சொன்னார்.

புதன்கிழமை சண்டேயின் கையில் எச்சரிக்கைக் கடிதம். பாட்டுப் போட்டு மற்றவர்களின் கவனத்தைக் கலைத்ததாக. அவருக்கு அது இரண்டாவது. முதலாவது ரயில் பிந்திய ஒரு பனிக்காலத்தில் வந்தது. அவருடைய வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதை நீடிக்கச் சொல்லித் தான் எழுதப்போவதில்லை என்று ஹெர் பாமன் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் இல்லாவிட்டால் மனைவிக்கு விசா இல்லை. அந்தப் பெண்ணுக்கு லாகோசில் தூதரகத்தில் டெர்மின், அதாவது நேர்காணலுக்கு நாள், குறித்தாயிற்று. மூன்று வருடமாகக் காத்திருக்கிறார்.

சாப்பாட்டு அறையில் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். "ஏன் எங்களைச் சொல்லேல்லை?"

சண்டே கரண்டியை வைத்தார். "நீங்கள் அந்தத் தாய்க்காக நிண்டனீங்கள், சிஸ்டர். அதை நான் எப்பிடிப் பிழையெண்டு காட்டிக்குடுக்கிறது?"

சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு கழுவ எழுந்தேன்.

கழுவுகிற இடத்தில் ரஞ்சினி அக்கா என் கையைப் பிடித்தார். "சாந்தி, வாயை மூடிக்கொண்டு இரு. எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கு. அந்தாள் ஆம்பிளை, எங்கையும் வேலை எடுக்கும்."

"அவரின்ரை மனிசிக்கு டெர்மின் குடுத்தாச்சாம், அக்கா."

"போய் என்னெண்டு சொல்லுவாய்? உன்ரை ஜெர்மனைக் கேட்டா உனக்கு ஏதோ வருத்தமெண்டு அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவான்."

அவர் சொன்னதும் சரிதான். எனக்குக் கூச்சம் அப்படி. பேக்கரியில் நாலு பேர் நின்றால் பாண் வாங்காமல் திரும்புகிற ஆள் நான். இந்தப் பக்கத்தில் வாராவாரம் வாய் கிழியப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அன்று ரயிலில் போகும்போது கண்ணாடியில் சாய்ந்துகொண்டேன். வெளியே மழை. கம்பங்கள் ஒரே தாளத்தில் போயின. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் நடப்பது போலவே இருந்தது. நானும் அதில் நடந்தேன். கனம் தெரியவில்லை. ஆனால் வாசல் வந்ததும் எல்லாரும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்... விழித்துப் பார்த்தால் என் தரிப்பிடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பிடம் வந்திருந்தேன்.

மௌனத்துக்கு நாங்கள் நல்ல நல்ல பெயரெல்லாம் வைத்திருக்கிறோம். மரியாதை என்கிறோம், அடக்கம் என்கிறோம், அஞ்சலி என்கிறோம். செவ்வாய்க்கிழமை மாங்கலுக்கு முன்னால் நான் நின்றது அஞ்சலி. சில மணி நேரம் கழித்து ஹெர் பாமனுக்கு முன்னால் நின்றேனே, அது என்ன? அதற்கும் நான் அதே மாதிரித்தான் தலையைக் குனிந்திருந்தேன். வெளியே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதுதான் இதில் இருக்கிற வசதி.

வியாழக்கிழமை காலை, ஏப்ரனைக் கூடக் கழற்றாமல், ஹெர் பாமனின் அறைக் கதவைத் தட்டினேன்.

"நான்தான் நிண்டனான்," என்றேன். "பாட்டு இல்லை. சண்டே இல்லை. நான் கையை விட்டிட்டன்."

"ஏன் விட்டனீங்கள்?"

"தாய் செத்துப்போச்சு."

அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து கதிரையை இழுத்துவிட்டார். "உங்கடை அம்மாவோ? ஏன் சொல்லேல்லை?"

"இல்லை, இல்லை. பாட்டுக்காரரின்ரை அம்மா."

"எப்ப?"

"நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை."

ஹெர் பாமன் தன் கதிரையில் திரும்ப இருந்துவிட்டார். "அவவை உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப ஏன்...?"

என் ஜெர்மன் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அகவணக்கத்துக்கு ஜெர்மனில் என்ன சொல்? எனக்குத் தெரியவில்லை. ஆகவே செய்து காட்டினேன். அவருடைய மேசைக்கு முன்னால் கையைக் கோத்து, தலையைக் குனிந்து, நின்றேன். வெட்கத்தில் காது இரண்டும் கொதித்தன. ஆனால் நின்றேன்.

பின்னால் கதவு திறந்தது. பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. சவர்க்கார மணத்திலேயே ஆளைத் தெரிந்துவிட்டது.

"நானும்தான்," என்றார் ரஞ்சினி அக்கா ஜெர்மனில். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "தனியப் போய் நிக்கிறாய், விசரி!"

ஹெர் பாமன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியில் இருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். இயந்திரம் நின்றால் எழுத வேண்டிய படிவம். காரணம் என்ற இடத்தில் 'இசை' என்று முன்பு எழுதியிருந்தார். அதை ஒரு கோடு போட்டு வெட்டினார். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். யன்னலைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

நான் தலைகீழாகவே வாசித்தேன்: துக்க நிகழ்வு.

வெளியே வந்ததும் ரஞ்சினி அக்கா ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்தார். "உந்த சக்சபோன் அண்ணையாலை எனக்கு ஓய்வூதியம் போச்சு," என்றார். ஆனால் சிரித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சண்டேயின் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், ஹெர் பாமன் எழுதிக் கொடுத்ததில் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு நீடித்தார்கள். எனக்கும் ரஞ்சினி அக்காவுக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள், கையெழுத்துப் போட்டோம்.