கரண்டின் முதல் மரியாதை

கிளிநொச்சிச் சந்தைக்கருகே பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும் யோகலிங்கம் பரம சாது. யார் எதைச் சொன்னாலும் “ஓம்” என்பார். கம்பியில் வரும் ஆடலோட்ட மின்சாரத்துக்கும் அதே குணம்: ஒரு கணம் அந்தப் பக்கம், மறு கணம் இந்தப் பக்கம். பற்றறிக்கு இந்தச் சமாளிப்பு ஆகாது. கரண்ட் ஒரே திசையில் போனால்தான் அதற்குச் செமிக்கும். ஆகவே கொழும்பிலிருந்து நான்கு டயோட்டுகள் எடுப்பித்துப் பலகையில் பூட்டியிருந்தார். டயோட் என்பது ஒருவழி வேலிப் படலை. போகவிடும், திரும்ப விடாது.

வாய்க்காலில் தண்ணீர் திறந்த கிழமை, கோயில் முகாமைக்காரர் சிற்றம்பலத்தாரும் கமக்காரர் சங்கத் தலைவர் அப்புத்துரையரும் உழவு மிசின் பற்றறிகளோடு வந்தார்கள். யோகலிங்கம் இரண்டையும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தார்.

“பொறு தம்பி,” என்றார் அப்புத்துரையர். “கரண்ட் முதல் ஆரின்ரை பற்றறிக்குள்ளை போகுது?”

“இந்த ஐயாவின்ரைக்குள்ளை...”

“அப்ப எனக்கு இவர் குடிச்ச மிச்சமோ?”

“கோயிலிலை முதல் காளாஞ்சி மரியாதை எனக்குத்தானே,” என்றார் சிற்றம்பலத்தார், வெகு அமைதியாக.

“ரண்டுக்குள்ளையும் ஒரே கரண்ட்தான் ஐயா, குறையாது,” என்ற யோகலிங்கத்தின் சொல் எடுபடவில்லை. இவர்களில் ஒருவர் கோபித்துச் சார்ஜ் ஏற்ற வவுனியாவுக்குப் போனால் பாதி ஊர் பின்னால் போகும், கடையைப் பூட்டவேண்டியதுதான்.

அப்புத்துரையர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: “வில்லங்கம் இந்த டயோட்டாலைதானே? கழட்டு. கரண்ட் முந்தின மாதிரி மாறி மாறிப் போகட்டும். ஒருக்கா அவர் முதல், ஒருக்கா நான்.”

“நியாயமான கதை,” என்றார் சிற்றம்பலத்தார்.

யோகலிங்கம் வாழ்க்கையில் முதன்முறையாக “ஏலாது” என்றார். “ஏறினது உடனை இறங்கும். பற்றறி ரண்டும் பாழ். வேணுமெண்டால் பக்கம் பக்கமாய் பூட்டிறன். ரண்டு பேருக்கும் ஒரே நேரத்திலை தொடங்கும். ஆனால் கரண்ட் பங்குபடும். ஒரு நாள் வேலை ரண்டு நாளாகும்.”

“ஆகட்டும்,” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

அந்த இரண்டு நாளில் எருமை வைத்திருந்தவர்கள் உழுது முடித்தார்கள், வாய்க்கால் தண்ணீரும் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் பெரியவர்கள் இருவரும் வந்து, உழாத தங்கள் வயல்கள் காய்ந்துகொண்டிருக்க, பற்றறிகளை வண்டிலில் ஏற்றுவித்தார்கள்.

“அடுத்த முறையும் இப்பிடியே பூட்டு, தம்பி,” என்றார் சிற்றம்பலத்தார்.

“ஓம், ஐயா,” என்றார் யோகலிங்கம்.