திமிங்கலத்தின் இடது மூக்கு

ஒன்பது வயதில் ஒரு காலை முழுவதும் நான் எண்ணெய்த் திமிங்கலமாக இருந்தேன். பண்டமாரானில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் மாறுவேடப் போட்டி. மற்றவர்கள் டாக்டர், போலீஸ் என்று பெயர் கொடுக்க, நூலகப் புத்தகம் ஒன்றை நம்பி நான் திமிங்கலமானேன்.

உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலைதான். எண்ணெயும் மெழுகும் நிறைந்த, பெட்டி போன்ற தலை. போர்ட் கிள்ளான் கிடங்கில் வேலை செய்த அம்மா பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைச் சுமந்து வந்தார். சித்தி சாம்பல் வண்ணம் பூசினார். காகிதப் பற்களைக் கீழ்த்தாடையில் மட்டும்தான் ஒட்ட வேண்டும் என்று நான் கறாராக நின்றேன்.

போட்டிக்கு முந்தைய நாள் மதியம், ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா மூச்சுத்துளையை வெட்டினார். மாட்டிப் பார்த்தால் துளை வலது பக்கம்!

"எதிர நின்னு வெட்டிட்டீங்கம்மா! உங்களுக்குத்தான் இது லெஃப்ட். திமிங்கலத்துக்கு ரைட்டு!"

"மூச்சு விட ஒரு ஓட்டை பத்தாதாடி? திமிங்கலம் வந்து கேஸ் போடப் போவுதா?"

சித்தி சிரித்தார். நான் அழுதேன். அது இடது மூக்கால்தான் மூச்சு விடும். வலது மூக்கு உள்ளே சத்தம் எழுப்ப. போட்டி நடுவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"சித்தி பாத்துக்குவா லா," என்று அம்மா ஓடினார்.

"நீங்க நாளைக்கு வரவே வேணாம்!" என்று கத்தினேன்.

காலையில் எழுந்தபோது பழைய துளை அடைக்கப்பட்டிருந்தது. இடது பக்கம் புதிய துளை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மா, விரலில் சாம்பல் வண்ணத்தோடு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வரச் சொல்லி எழுப்பியிருக்கலாம்; எழுப்பவில்லை.

மேடையில் அந்தத் துளை வழியாகத்தான் மண்டபத்தைப் பார்த்தேன். பின்கதவருகே, வேலைக்குப் போடும் சப்பாத்துக் காலோடு அம்மா நின்றார். எனக்குக் குரல் வந்துவிட்டது.

"என் மூதாதையர் நான்கு காலால் நிலத்தில் நடந்தார்கள். இடுப்பெலும்பு இன்னும் எனக்குள்ளே சிறிதாக இருக்கிறது. கடலுக்குப் போயும் நுரையீரலை விடவில்லை; அதனால் மூச்சுக்கு மேலே வர வேண்டும். குட்டியால் அதிக நேரம் மூச்சடக்க முடியாது. அம்மா மட்டும் கணவாய் மீன் தேடி ஆழத்துக்குப் போவார். திரும்பும்வரை குட்டியைச் சித்திகள் பார்த்துக்கொள்வார்கள்."

'சித்திகள்' புத்தகத்தில் இல்லை. மண்டபம் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்தபடி வெளியே போய்விட்டார்.

எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. வீட்டுக்குப் போகும்போது சித்தியிடம் மெதுவாகக் கேட்டேன்: "ஓட்டை மறுபடியும் தப்பா?"

"இல்லடி, சரியான எடத்துலதான் இருக்கு," என்றார் சித்தி.

அப்படியானால் அம்மா ஏன் அழுதார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. நேற்று நான் கத்தியதற்காக இருக்கும் என்று எண்ணி, இரவுச் சோற்றில் என் பங்கு முட்டையை, ஷிஃப்ட் முடிந்து வரும் அவருக்காக மூடிவைத்த தட்டில் வைத்தேன்.

இப்போது தினமும் காலையில் என் ஏழு மாத மகளை அதே சித்தியிடம் விட்டுவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வேலைக்கு ரயிலேறுகிறேன். கதவு மூடும் முன் ஒரு நீண்ட மூச்சை இழுத்துக்கொள்கிறேன்.