ஊமத்தையா, மணத்தக்காளியா?

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த வாரம் இதை எழுதிக்கொண்டிருப்பவனுக்குப் புத்தி தெளிவாகவே இருக்கிறது. ஒரு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். உங்களில் எத்தனை பேரிடம் இப்படி ஒரு சர்டிபிகேட் இருக்கிறது, சொல்லுங்கள்?

போன சனிக்கிழமை மத்தியானம் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா, இல்லையா? வீட்டில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என்னையும் சேர்த்துத்தான்!

எல்லாம் வாய்ப்புண்ணால் வந்த வினை. பேசியே பிழைக்கிறவனுக்கு நாக்கில் கொப்புளம் வந்தால் என்ன ஆகும்? காரம் ஆகாது, புளிப்பு ஆகாது, காபி ஆகாது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மருந்தைச் சொன்னார்கள் — மணத்தக்காளிக் கீரை. கம்பம் மார்க்கெட்டில் அன்றைக்கென்று பார்த்து அது இல்லை. விடுவேனா? சுருளிப்பட்டியில் மச்சினன் பாண்டிக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறதே!

போனேன். பாண்டி பம்ப்செட்டைப் பிரித்துப் போட்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கடைசிப் பந்தலுக்கு அடியில் கீரை கிடக்கிறது, நீங்களே பறித்துக்கொள்ளுங்கள் என்றான்.

எங்கள் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குள் கால் வைக்கிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பூச்சிமருந்தடித்து எத்தனை நாளாச்சு? இதைக் கேட்காமல் ஒரு பழத்தைக்கூட வாயில் போட மாட்டோம். எங்கள் ஊர்க் குழந்தைக்கு முதலில் 'அம்மா' வரும், அடுத்து இந்தக் கேள்விதான் வரும். நானும் கேட்டேன். அந்தப் பக்கம் கொடியைக் கவாத்து வெட்டிவிட்டுச் சும்மா கிடக்கிறது, ஒரு சொட்டு மருந்து விழவில்லை என்றான்.

அது போதாதா?

அடடா... என்ன விளைச்சல்! தண்ணீர் பாய்ந்த ஈரத்தில் பச்சைப்பசேலென்று தளதளத்து நின்றது கீரை. காசில்லாமல், மருந்தில்லாமல், கேட்க ஆளில்லாமல்! புதையல் கண்டவன் மாதிரி பாய்ந்தேன். பூத்தது, பூக்காதது, சின்ன இலை, பெரிய இலை — பேதம் பார்க்கவில்லை. வேரோடு பிடுங்கி மஞ்சள் பை பிதுங்கும்வரை திணித்தேன்.

வீட்டில் என் மனைவி செல்வி பையை வாங்கும்போதே கேட்டாள். வேறென்ன, மருந்தடித்ததா என்றுதான். இல்லவே இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினாள். பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுக் கூட்டு வைத்தாள்.

அன்றைக்கு அவளுக்கு விரதம், குச்சனூர் சனீஸ்வரருக்கு. ஏழரைச் சனி எனக்கு, பட்டினி அவளுக்கு. குடும்பம் என்றால் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும்!

ஆக, கூட்டு முழுக்க எனக்கு. லேசாகக் கசந்தது. மணத்தக்காளி என்றால் கசக்கத்தானே செய்யும்? இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது பாண்டி தன் டி.வி.எஸ். மொபெட்டில் வந்து இறங்கினான். என் மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறான். அதைக் கழற்றிப் பந்தல் கல்தூணோரம் வைத்துவிட்டுத்தான் நான் கீரை பறித்திருக்கிறேன்...

கண்ணாடியை நீட்டியபடி சாதாரணமாகக் கேட்டான்.

"அங்கன ஊமத்தையும் சேந்து மொளைச்சுக் கெடக்கும் மச்சான். பாத்துத்தான பறிச்சீக?"

ஊமத்தை தின்றால் என்ன ஆகும் என்று செல்வி தம்பியைக் கேட்டாள். வாய் உலர்ந்து போகும், கண்மணி விரியும், காரணமில்லாமல் சிரிப்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், உளறுவார்கள் என்று அவன் வரிசையாகச் சொன்னான். உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

அவன் சொல்லி முடித்ததும் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன்!

பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும். அதை அந்த நேரத்தில் யாரிடம் விளக்குவது? என் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். வாழ்நாள் முழுக்க உளறியே பெயர் வாங்கியவன், தான் உளறவில்லை என்று எப்படி நிரூபிப்பான்? ஜோக் அடித்தால் அது உளறல் கணக்கில் போய்விடும். சரி, வம்பே வேண்டாமென்று வாயை இறுக மூடிக்கொண்டேன். அப்போதுதான் செல்வி நிஜமாகவே பயந்தாள்.

"ஏலே பாண்டி, இவுக பேசாம இருக்காகடா."

புத்தி இருக்கிறதா என்று பார்க்க, தன் பிறந்த ஊர் எது என்று கேட்டாள். சுருளிப்பட்டி என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். அதை மறக்கத்தானே இத்தனை வருடமாக முயற்சி பண்ணுகிறேன் என்றேன். பழக்கதோஷம்! பாண்டி மொபெட்டை ஸ்டார்ட் செய்துவிட்டான்.

முன்னால் அவன், நடுவில் நான், பின்னால் செல்வி. அவள் கையில் ஒரு பேப்பர் பொட்டலம். அது என்ன என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டர். என்ன சாப்பிட்டீர்கள் என்றார். "அதத் தெரிஞ்சுக்கத்தான் சார் உங்ககிட்ட வந்துருக்கேன்" என்றேன். அவர் செல்வியை ஒரு பார்வை பார்த்தார். வாய் உலர்ந்திருந்தது — பயத்தில். நாடி துடித்துக்கொண்டு ஓடியது — அதுவும் பயத்தில். நர்ஸம்மா நீளமாக ஒரு குழாயை எடுத்து வைத்தார். மூக்கு வழியாக வயிற்றுக்குள் விட்டுக் கழுவுவதற்காம்.

அப்போதுதான் செல்வி பொட்டலத்தைப் பிரித்தாள். கீரை ஆய்ந்துவிட்டுக் குப்பையில் போட்ட தண்டும் வேரும்! பாண்டி அதைப் பெஞ்சில் பரப்பி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான். கொத்தாகக் குட்டி வெள்ளைப் பூ, மிளகு சைஸில் பச்சைக் காய்... மணத்தக்காளி. அடுத்தது? அதுவும் மணத்தக்காளி. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்! பாஸ்! பாஸ்!

பிறகு அவன் கை நின்றது. தடித்த தண்டோடு இரண்டு மூன்று செடிகள். பூ இல்லை, காய் இல்லை. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தான். முகம் கோணியது. ஊமத்தை.

நர்ஸம்மா குழாயைக் கையில் எடுத்தார்.

ஆனால்... கவனித்தீர்களா? கசக்குவதற்கு இலை இருந்தது! மற்ற தண்டெல்லாம் இலை ஆய்ந்த மொட்டை. இந்தச் செடிகளில் மட்டும் இலைகள் அப்படியே இருந்தன. எல்லாரும் செல்வியைப் பார்த்தோம்.

"அது மட்டும் ஒரு மாதிரி நாத்தமடிச்சுச்சு சார். மருந்து வாடைன்னு நெனச்சு ஆயாமத் தூக்கிப் போட்டுட்டேன்."

மருந்தே அடிக்காத செடியில் மருந்து வாடை! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தால் அதையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார்கள் என்று அடங்கியிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். இலை மேல் என்ன அடித்தார்கள் என்று நான் கேட்டேன், அவளும் கேட்டாள். அது என்ன இலை என்று ஒருவரும் கேட்கவில்லை. தப்பான கேள்வி, எப்படியோ தப்பித்தேன். நீங்கள் இந்த அதிர்ஷ்டத்தை நம்பி இறங்காதீர்கள். இளசில் இரண்டும் என்னைப்போன்ற ஆட்களை ஏமாற்றிவிடும். பூவும் காயும் பார்த்து, தெரிந்தவர் ஒருவரிடமும் காட்டிவிட்டு அப்புறம் அடுப்பில் ஏற்றுங்கள்.

ஆனால் டாக்டர் லேசில் விடுவதாயில்லை. டார்ச் அடித்துப் பார்த்ததில் கண்மணி சரியாக இருக்கிறதாம். செடியும் சரியாம். ஆனாலும் ஓரிரண்டு இலை கலந்திருந்தால்? என் பேச்சுதான் அவருக்கு உறுத்தியது. செல்வியிடம் திரும்பினார்.

"இவர் எப்பவுமே இப்படித்தான் பேசுவாரா?"

குழாய் உள்ளே போவதா, வேண்டாமா என்பது அவள் பதிலில் இருந்தது. செல்வி என்னைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்...

"ஆமா சார். எப்பவுமே இப்படித்தான் பேசுவாக."

குழாய் அலமாரிக்குப் போனது. பொழுது சாயும்வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

எல்லாம் சரி. அந்த ஒரு வரியைச் சொல்ல அவள் ஏன் அவ்வளவு நேரம் யோசித்தாள்?