தேதி மட்டும் எழுதிய சுவர்

மலேரியா ஒழிப்புப் பணியில் சேர்ந்த முதல் நாளே என் வீட்டுப் பெயர் எனக்குக் கையெழுத்தாகிவிட்டது. எங்கள் யூனிட்டில் என்னையும் சேர்த்துச் சுப்பிரமணியன் மூவர். "யோவ், நீ மருதக்குடின்னே கையெழுத்துப் போடு. எவன் எந்த வீட்டுக்குப் போனான்னு எனக்குத் தெரியணும்ல" என்றார் இன்ஸ்பெக்டர். மருதக்குடி என்பது எங்கள் முன்னோர் விட்டுவந்த ஊர். நாளடைவில் எல்லோரும் என்னை அப்படியே அழைத்தனர்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு வீடாகச் செல்வோம். காய்ச்சல்காரர் இருந்தால் விரல் நுனியில் குத்தி, ஸ்லைடில் ரத்தம் தடவி எடுத்து, மாத்திரை கொடுப்போம். வாசல் சுவரில் அச்சிட்ட காவிக் கட்டத்தில் தேதியும் கையெழுத்தும் இடுவோம். அலங்காநல்லூர் வட்டாரச் சுவர்களிலெல்லாம் என் பெயர் இருந்தது. விடியலில் பதிகம் ஓதிப் புறப்படும் எனக்கு அதுவும் திருப்பணியாகவே தோன்றியது.

அதே வீட்டுப் பெயர் கொண்ட அரசியல் தலைவர் ஒருவரும் அப்பகுதியில் இருந்தார். எனக்கு உறவில்லை, நேரில் கண்டதுமில்லை. கூலி உயர்வு கேட்டார்கள் என்பதற்காக அவருடைய ஆட்கள் ஒரு கோடையில் கூலிக்காரர் தெருவுக்குத் தீ வைத்தனர். நான் வழக்கமாகச் செல்லும் அத்தெருவில் குடியிருந்த பேச்சியம்மாளின் தம்பி அதில் வெந்து மாண்டான்.

அடுத்த முறை நான் சென்றபோது, பேச்சியம்மாள் தீக்குத் தப்பிய தன் வீட்டுச் சுவரில் இருந்த கட்டத்தைச் சாணியால் மெழுகி மறைத்திருந்தாள். உள்ளே அவள் கணவன் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தான்.

"நான் அவரு ஆளு இல்லம்மா. பேரு மட்டுந்தான்."

"அம்புட்டுப் பேரும் அப்படித்தான் சொல்றீக. தம்பிய எரிச்ச பேருக்கு எம்புருசன் ரத்தமும் கேக்குதோ? போயிரு!"

பக்கத்து வீட்டுக் காளியம்மாளிடம் மாத்திரையைக் கொடுத்து, "நான் குடுத்தேன்னு சொல்லாதம்மா" என்றேன்.

"அவளுக்கா தெரியாது? குடுத்துப் பாக்குறேண்ணே."

மாலைக்குள் மாத்திரைகள் தெருவில் கிடந்தன.

அந்தத் தெருவுக்கு வேறு ஆளை அனுப்புமாறு இன்ஸ்பெக்டரிடம் மன்றாடினேன். "பேர மாத்திட்டு வா, தெருவ மாத்தித் தாரேன்" என்று சிரித்தார். பின்னர் மனமிரங்கி ஓர் ஆளை அனுப்பினார். அவர் போய்ச் சேர்ந்தபோது அவ்வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

வேற்றாள் நிலைக்கவில்லை, தெரு மீண்டும் என்னிடமே வந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் பேச்சியம்மாள் என்னைத் தெருமுனையில் மறித்தாள். இடுப்பில் மகள், உடம்பு அனலாய்க் கொதித்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பிள்ளையின் விரலை மட்டும் நீட்டினாள்.

"மெல்லக் குத்துங்க. பயந்துக்கிரும்."

மாத்திரையை என் முன்னாலேயே பொடித்து, கருப்பட்டியில் குழைத்து ஊட்டினாள். பிள்ளை பிழைத்தது.

சுவரில் புதிய கட்டம் அச்சிட்டு எழுதப் போனேன். "பேரு வேணாம், தேதிய மட்டும் போடுங்க" என்றாள். "காலையில எந்திரிச்சு அதுல முழிக்க முடியல."

தேதியை மட்டும் எழுதினேன். சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர், கையெழுத்து எங்கே என்று கேட்டார். சொன்னேன். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

இப்பணிக்கு வரும் இளையோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: நம் பெயர் ஒரு வீட்டுக்குள் எவ்வாறு ஒலிக்கிறது என்பதை அந்த வீடே அறியும். இறைவனை ஆயிரம் பெயரிட்டு அழைத்துப் பழகிய நான், அந்த ஒரு வாசலில் பெயரின்றி நிற்கக் கற்றேன். நான் அத்தெருவில் இருந்தவரை அக்கட்டத்தில் தேதிகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. அவள் கணவன் காய்ச்சலில் கிடந்த நாளின் தேதி அவற்றுள் இல்லை.