தம்பி கூட்டிவந்த ஆள்

போன வாரம் ஒருநாள் காலையில் என் தம்பி குமரவேல் போன் செய்தான். ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்காருகிறோம். ஆனாலும் வேலை விஷயம் தவிர எனக்கு அவன் போன் செய்கிற வழக்கமில்லை. எங்கள் பங்குத் தகராறில் அவனுடைய வக்கீல் ஏதோ யோசனை சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். “சௌந்தரராஜன் சார் போயிட்டாருண்ணா. நெஞ்சு வலியாம்” என்றான். “யார் சொன்னா?” என்று கேட்டேன். இழவுச் செய்திக்கும் சாட்சி கேட்கிற பிறவி நான். அவனை நம்பாமல், வேப்பூரில் சார் தங்கியிருந்த, அவருடைய தங்கை வீட்டுக்கே கூப்பிட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

நம் விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. வேப்பூர் பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் ஒரு துணிப்பையோடு வெயிலில் நடந்து வருவாரே, அவர்தான். உங்களில் பலர் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வீர்கள். நான் சந்தேகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு விதமாகத் தொடங்கினால் அவரே சிரித்துவிடுவார்.

எங்களுடையது மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற கம்பெனி. அப்பா இறந்த பிறகு பிரித்துக்கொள்வதா, சேர்ந்தே ஓட்டுவதா என்று அண்ணன் தம்பிக்குள் புகைச்சல். இருப்பதோ ஒரு சூளை. அதை எங்கே பாதியாக வெட்டுவது? யாராவது ஒருவர் விட்டுக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அந்த நேரத்தில்தான், சென்னையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற இவரைத் தம்பி கூட்டிவந்து, “இவரு எக்சிகியூட்டிவ் கோச்” என்றான். நம்முடையது ஜங்ஷன் ஊர். கோச் என்றால் எஸ் ஃபோர், எஸ் ஃபைவ்தான் எனக்குத் தெரியும். நிர்வாகம் பண்ணுகிறவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களுக்கு வழி பிடிபட வைப்பவராம். ஆகா, தேனொழுகப் பேசி என்னிடம் கையெழுத்து வாங்க ஆள் வந்தாச்சு என்று முடிவு கட்டினேன்.

முதல் நாள் என் கண் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. போனில் பதிவு செய்கிறாரோ என்று. அதைக் கவனித்தவர் எழுந்து போய், கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் போனைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இவ்வளவு விவரமான ஆள் இன்னொரு போன் வைத்திருக்க மாட்டாரா என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

அடுத்து ஒரு கல்லை விட்டுப் பார்த்தேன். நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்துக் கையில் பணம் வைத்திருக்கும் கம்மாபுரம் ஆள் ஒருவருக்கு என் பங்கை விற்கப் போகிறேன் என்று அவரிடம் அளந்துவிட்டேன். நம் பேட்டையில் டீக்கடையில் சொன்ன சொல், டீ ஆறுவதற்குள் பேக்கிங் ஷெட்டுக்குப் போய்விடும். ஆனால் இது தம்பி காதுக்குப் போகவே இல்லை. பொறுக்க மாட்டாமல் நானே கேட்டேன்: “ஏன் சார், அவன்கிட்ட சொல்லலியா?” அவர் சிரித்தார். “சொல்லணும்னா நீங்களே சொல்லுங்க சார். பக்கத்து ரூம்தானே?” பிறகு சொன்னார்: “சந்தேகப்படறது தப்பில்ல. யார் மேல சந்தேகமோ அவர விட்டுட்டு ஊரெல்லாம் விசாரிக்கிறீங்க பாருங்க, அங்கதான் தப்பு. அவரையே கேளுங்க. ஒரு தடவ கேளுங்க. பதில வாங்கிக்கிட்டு எந்திரிங்க.”

சூளையிலிருந்து வருகிற இன்சுலேட்டரைத் தட்டிப் பார்ப்பது விஜயாவின் வேலை. கணீரென்றால் நல்லது; சத்தம் செத்துக் கேட்டால் உள்ளே விரிசல். அவள் தட்டி அனுப்பியதையெல்லாம் நான் திரும்பத் தட்டுவேன். ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டே நின்ற சார், “அந்தம்மா எதுக்குத் தட்டறாங்க?” என்று மட்டும் கேட்டார். விஜயா முந்திக்கொண்டாள்: “எப்படியும் மொதலாளி தட்டத்தானே போறாரு சார்! நானு சும்மா கையத்தான் ஆட்டிக்கினு இருக்கறன்.” எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனாலும் மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து, லாரியில் ஏற்றிய சரக்கை விஜயாவே நிறுத்தினாள். “இது போவக் கூடாது” என்று ஷெட்டே அதிரக் கத்தினாள். அவள் சொன்னது சரியாக இருந்தது.

கம்பெனிக்கு வந்தவர் வீட்டையும் திருத்திவிட்டுப் போவார் என்று யார் கண்டது? ஹாஸ்டலில் இருக்கும் மகளோடு பேசிவிட்டு, அவள் சொன்னது நிஜமா என்று வார்டனையும் கூப்பிடுவது என் வழக்கம். அதை விட்டேன். “என்னாப்பா, வார்டனுக்கு ஒடம்பு சரியில்லையா? நீ கூப்புடவே இல்லியாம்” என்று கிண்டல் செய்தாள். அதன்பிறகு அவளாகவே போன் செய்ய ஆரம்பித்தாள். பரீட்சையில் ஒரு பேப்பர் போனதைக்கூட மறைக்காமல் சொன்னாள்.

ஆனால் தம்பியிடம் கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. பதில் என்னவாக இருக்கும் என்று பயம்.

வேப்பூரில் தகனம் முடிந்து, ஹைவே ஓரத்து டீக்கடையில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். கேட்டுவிட்டேன். “டேய், என்னை வெளிய அனுப்பத்தான் அவரைக் கூட்டியாந்தியா?”

“ஆமாண்ணா” என்றான்.

நான் நினைத்தது சரியாகப் போயிற்று.

“மொத நாளே அவருகிட்ட சொன்னன். ‘அத நீங்கதான் அண்ணன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்’னுட்டாரு. வரும்போதெல்லாம் என் ரூமுக்கு வந்து, சொல்லிட்டீங்களான்னு கேப்பாரு. எனக்கு வாய் வரலண்ணா. அவரும் விடாம வந்துக்கினே இருந்தாரு.” சொல்லிக்கொண்டிருந்தவன் ரோட்டிலேயே அழுதுவிட்டான்.

“இப்ப சொல்லு. நான் போகணுமா?”

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வேணாம். நீ இரு” என்றான்.

மனசாரச் சொல்கிறானா, இழவு வீட்டு ஈரத்தில் சொல்கிறானா? இன்னொரு தடவை கேட்க நாக்கு துடித்தது. டீ கிளாஸை வைத்துவிட்டு, “வண்டிய எடுடா” என்றேன்.

சௌந்தரராஜன் சாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். தம்பி அன்று சொன்னதை, இன்றுவரை நான் யாரிடமும் போய் விசாரிக்கவில்லை.