பூக்காரரின் பெருவிரல் நகம்

செல்வராசுவின் வலது கைப் பெருவிரலை நசுக்கியவன் காளிமுத்து என்றுதான் ஊரில் பேச்சு. ஸ்பேனரை ஓங்கியது அவன்தான். ஆனால் அந்தக் கை அசையாதபடி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அழுத்திப் பிடித்தவன் நான். எந்தக் குற்றத்துக்காக அந்த அடி விழுந்ததோ, அந்தக் குற்றத்தைச் செய்தவனும் நானே!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஞாயிறு பூசை முடிந்ததும் வத்தலக்குண்டு சாலையில் உள்ள ஒரு தென்னந்தோப்புக்குப் போய்விடுவேன். மோட்டார் அறையில் பாய் விரித்து மூன்று சீட்டு ஆடுவோம். தோப்புக்காரன் காளிமுத்து, அவன் மைத்துனன் பாண்டி, மாதா கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்த செல்வராசு, நான். நாலே பேர்.

அந்த நாட்களில் செல்வராசுவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கிளிப்பச்சைச் சட்டை, காதில் ஒரு கொத்து மரிக்கொழுந்து. பாயை மூன்று முறை சுற்றி வந்த பிறகுதான் உட்காருவார். தோற்றால் சட்டையைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டிக்கொள்வார். கையில் ராஜா வந்தால், "வாங்க மாமா, இம்புட்டு நேரமா?" என்று வரவேற்பு. ஜாக்கி வந்தால், "ஏலே மாப்ள, ஒன்னைய யாரு கூப்பிட்டா?"

ராணி வந்தால் மட்டும் குரல் தணிந்துவிடும். வாழைநாரையும் பூக்காம்பையும் கிள்ளுவதற்காகவே நீளமாக வளர்த்திருந்த பெருவிரல் நகத்தால் அவள் நெற்றியைத் தொட்டுப் பொட்டு வைப்பார். "தாயி, நல்லாருக்கணும்" என்பார். கையில் ராணி இருப்பதை இப்படி ஊருக்கே அறிவித்துவிட்டு ஆடுகிற மனிதர்... அப்படியும் ஜெயிப்பார்!

முரடன் காளிமுத்துகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நான் சிரித்ததில்லை. எத்தனை சீட்டு வெளியே போயிற்று, எது மிச்சம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு ஆடுகிறவன் நான். ஒரு கோமாளியிடம் வாரா வாரம் தோற்றேன். அதைவிட, எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறாமைதான்... வேறு பெயர் வைத்து ஏன் அழகுபடுத்த வேண்டும்?

சீட்டுக்கட்டு வாரம் முழுவதும் என் வீட்டில்தான் இருக்கும். "சார்கிட்ட இருந்தா சாமிகிட்ட இருக்குற மாதிரி" என்று காளிமுத்துதான் அந்த ஏற்பாட்டைச் செய்தான். ஒரு சனிக்கிழமை, நான்கு ஆஸ்களின் முதுகிலும் மூலையில் ஓர் அடையாளம் பதித்தேன். பேனா மூடியின் விளிம்பை அழுத்தினால் சின்னப் பிறைபோல் ஒரு பள்ளம் விழும். யார் கையில் ஆஸ் இருக்கிறது என்பது அதன்பின் எனக்கு மட்டும் தெரிந்தது.

ஏன் பேனா மூடி? ஊசி போதாதா? பழைய கட்டு ஒன்றில் நாலைந்து பொருள்களால் அழுத்திச் சோதித்த பிறகுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பள்ளம், நகம் பட்ட தடம் போலவே இருந்தது. பிடிபட்டால் பழி யார் மேல் விழும் என்பதை அன்றே கணக்குப் போட்டுவிட்டேன்!

மூன்று மாதம் ஜெயித்தேன். பிறகு ஒரு நண்பகலில், தோற்றுக் கடுப்பில் இருந்த காளிமுத்து கையிலிருந்த ஆஸைக் கதவு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். மற்ற மூன்று ஆஸ்களையும் தேடி எடுத்துப் பார்த்தான்.

"யாருலே இது?"

செல்வராசு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஆஸுக்கு யாரப்பு பொட்டு வச்சது? நா ராணிக்கு மட்டுந்தான வைப்பேன்!"

அந்தச் சிரிப்பு அடங்குமுன் பாண்டி அவர் நெஞ்சில் உதைத்தான். செல்வராசு தவழ்ந்து வந்து என் வேட்டியைப் பற்றினார். "சாரைக் கேளுங்கப்பா... சார் பொய் சொல்ல மாட்டாரு..."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். கட்டு யார் வீட்டில் இருந்தது என்று ஒருவனுக்காவது தோன்றியதா? இல்லை! வாத்தியார் ஆயிற்றே! பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு வார்த்தையில் அவரைக் காப்பாற்றியிருக்கலாம்.

"அவர் நகத்தைப் பாருங்க" என்றேன்.

அதன்பின் நடந்ததை மறைக்க மாட்டேன். தென்னைமட்டையால் முதுகிலும் முழங்காலிலும் மாறி மாறி அடித்தார்கள். நானும் அறைந்தேன். என் மோதிரம் கிழித்து அவர் உதடு பிளந்தது. யாருடைய கண்ணும் என் சட்டைப்பைக்குப் போய்விடக் கூடாதென்று மறுபடியும் அறைந்தேன். ஒரு பல் பாயில் விழுந்தது. கிளிப்பச்சைச் சட்டை முன்பக்கம் முழுவதும் சிவந்து நனைந்திருந்தது. தலைமயிரைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப் போனார்கள்.

காளிமுத்து ஸ்பேனரை எடுத்ததைப் பார்த்ததும் அவர் அலறினார். "சார்! என் கையப் பிடிச்சுக்கங்க சார்!"

பிடித்தேன். இரண்டு கைகளாலும்.

"அமுக்கிப் பிடிங்க சார்" என்றான் காளிமுத்து. அமுக்கினேன். முதல் அடியில் நகம் இரண்டாகப் பிளந்தது. இரண்டாவது அடியில் எலும்பு நொறுங்கியது என் கைவழியே எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு அடிகளுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் இருந்தது. வாய் திறந்திருக்கலாம்... திறக்கவில்லை!

கீழே விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டார். போலீசுக்குப் போகவில்லை. விரல் விறைத்துப்போய்விட்டது, மடங்காது. நகம் திரும்ப முளைக்கவில்லை. மாலை கட்டுவதெல்லாம் இப்போது அவர் மனைவிதான். அவர் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, யாரோடும் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை. காதில் எதுவும் இல்லை.

இதுவரை இரண்டு முறை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டிருக்கிறேன். இரண்டு முறையும் வேறு சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

போன ஞாயிறு மழை. பூசை முடிந்து படியிறங்கும்போது செல்வராசு குடையோடு ஓடி வந்தார்.

"சார், ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். அது எம் நகந்தான் சார். எனக்கே தெரியாமப் பட்டிருக்கும். கூட ஆடுனவகளுக்குத் துரோகம் பண்ணிட்டேன்ல..."

கடையிலிருந்து அவர் மனைவி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "நீங்க மட்டும் அன்னைக்கு இவுக கையப் பிடிச்சுக்கலைன்னா, அந்தப் பாவி மணிக்கட்டோட எடுத்திருப்பான்னு தெனமும் சொல்லுவாக சார்."

வீட்டில் அவர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் நம்பியும் இருக்கிறார்! இனி நான் உண்மையைச் சொன்னால், அவரிடம் மிஞ்சியிருக்கும் அந்த ஒரு நம்பிக்கையையும் பிடுங்கிக்கொள்வேனா? அல்லது இதுவும் ஒரு கோழையின் சாக்குதானா? நீங்களே சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம்... எனக்குத் தெரியும்.

"படி வழுக்குது சார், கையப் பிடிச்சுக்கங்க" என்று வலது கையை நீட்டினார்.

பிடித்துக்கொண்டேன். மடங்காத அந்த விரல் என் உள்ளங்கையில் குத்திக்கொண்டே வந்தது. கடைசிப் படிவரை நான் எதுவும் சொல்லவில்லை.